சாவிச் சத்தம் கேட்டதும்

என் தங்கத்துக்கு,

நாம் சேர்ந்து பார்த்த அந்தச் சண்டைக்காரக் குடும்பத்துக் காமெடித் தொடரின் ரசிகர் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். “சாவிச் சத்தம் கேட்டதும் அந்த அம்மா சிரிக்கிறது சந்தோஷத்துல இல்ல. அப்பா வந்தாச்சுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்ற எச்சரிக்கை. சின்னது உடனே துணி அலமாரிக்குள்ள ஒளிஞ்சுக்கும்.”

“காமெடியப் போய் நோண்டாதீங்க, அது நல்ல குடும்பம்” என்று கீழே பதில் போட்டது நான்தான். நூறு பேருக்குப் பிடித்திருந்தது.

பிறகுதான் உறைத்தது. அந்தத் தொடரில் துணி அலமாரியைக் காட்டியதே இல்லை. அது நம் வீட்டில் இருக்கிறது.

அதற்குள் நீ குழுவை விட்டுப் போயிருந்தாய். உன் விலாசமும் எனக்குத் தெரியாது.

இதோ, கதவில் சாவி திரும்புகிறது. ஒளிந்துகொள்ள இங்கே யாரும் இல்லை. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

அம்மா