எதிர்வீட்டுத் திருஷ்டி முகம்

ஆனி அமாவாசை, இரவு

காகங்களுக்கு மனித முகம் நினைவிருக்குமா என்பதுதான் என் ஆய்வு. வெறும் முகத்தோடு தீனி போடுவேன். வலையில் பிடித்துக் காலில் வளையம் மாட்டும்போது மட்டும் முகமூடி. அதற்காகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு திருஷ்டி முகம் வாங்கி, கண்ணுக்கு ஓட்டை போட்டுக்கொண்டேன். நாக்கைத் தொங்கவிட்ட அந்தச் சிவப்பு முகம் ஊரப்பாக்கத்தில் வீட்டுக்கு வீடு தொங்குவது எனக்கு உறைக்கவே இல்லை. மரமண்டை!

எதிரில் புது வீடு கட்டியிருக்கும் தாமோதரன் சார் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"அப்பாவுக்கு மொட்டைமாடில சோறு வெச்சேன் மேடம். ஒரு காக்கா தொடல. சுத்திச் சுத்திக் கத்துதுங்க. அப்பாவுக்கு என் மேல இன்னா கோவமோ..."

நிமிர்ந்து பார்த்தேன். மாடிச் சுவரில் அச்சு அசலாக என் முகமூடி. கத்திய காகங்களில் பலவற்றின் காலில் வளையமே இல்லை. நான் பிடிக்காத காகங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மற்றவை கத்துவதைப் பார்த்தே கற்றுக்கொண்டனவா?

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "கண்ணு பட்டிருக்கு மேடம். நாளைக்கு இதைவிடப் பெருசா ஒண்ணு வாங்கி மாட்டிடறேன்" என்றார்.

காலையில் முதல் வேலையாகப் போய்ச் சொல்லிவிட வேண்டும். பாவம், அப்பாவை நினைத்துத் தூங்காமல் புரண்டுகொண்டிருப்பார்.

ஆனால், பெரிய முகத்தையும் அவை கண்டுபிடித்துவிடுமா? அவர் மாட்டிய பிறகு சொன்னால்தான் என்ன?