கேத்தல் தண்ணீரில் ஒரு ஞானஸ்நானம்

ஜனவரி 19, 2025, ஞாயிறு

றொக்சன் வீட்டார் கினிகத்தேனையிலிருந்து வந்து போனார்கள். அம்மா விடியற்காலையிலேயே வடைக்கு ஊறப்போட்டு, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலை இரண்டு தரம் கூட்டி, என் சேலையையும் தானே தேர்ந்தெடுத்துவிட்டாள். பொகவந்தலாவை ரோட்டின் வளைவுகளில் றொக்சனின் அம்மாவுக்குத் தலைசுற்றிவிட்டதாம், எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்து சேர்ந்தார். மே மாதம் கல்யாணம் என்று முடிவானது. எல்லாம் நல்லபடி.

புறப்படும்போதுதான் றொக்சனின் அப்பா வாயைத் திறந்தார். அவர் சிறில் பாஸ்டர். கினிகத்தேனையில் ஒரு சின்னச் சபை நடத்துகிறார்.

"கல்யாணத்துக்கு முந்தி மக ஆத்துல எறங்கி ஞானஸ்நானம் எடுத்துட்டா நல்லதுங்க."

"அவளுக்கு அதெல்லாம் ஆயிருச்சுங்களே" என்றாள் அம்மா.

"கொழந்தை தலையில தண்ணி ஊத்துறது ஞானஸ்நானம் இல்லீங்க. புத்தி தெரிஞ்சு, தானா எறங்கி முழுகணும்."

அவர்கள் போனபின் அம்மா கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 20

நான் பிறந்த கதை எனக்கு மனப்பாடம். மழைக்காலம், ரோட்டில் மண்சரிவு, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. மாதம் நிறையுமுன்பே லயத்துக் காம்பராவில் பிறந்துவிட்டேன். மூச்சுப் பேச்சில்லை. அம்மாவால் எழும்ப முடியவில்லை. பக்கத்தில் இருந்தது தோட்டத்து மருத்துவச்சி அழகம்மா மட்டும். நெற்றி நிறைய விபூதி பூசுகிறவள். அம்மா படுத்தபடியே வார்த்தைகளைச் சொல்லிக்கொடுக்க, அழகம்மா அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டு அடுப்புமேல் கேத்தலில் இருந்த வெதுவெதுப்பான தண்ணீரை என் தலையில் ஊற்றினாளாம். ஆபத்து வேளையில் யார் கொடுத்தாலும் செல்லும் என்பது கத்தோலிக்கரான எங்கள் சட்டம். பிறகு பாதரும் ஏற்றுக்கொண்டார்.

இப்போது நான் ஆற்றில் இறங்கினால் அன்றைக்கு நடந்தது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அதற்காக றொக்சனை விடுவதா? முடியாது. இரண்டும் முடியாது.

ஜனவரி 21

றொக்சன் போனில்: "ஒரு நிமிஷ வேலை ஷிரா. முங்கி எந்திரிச்சா முடிஞ்சுது." போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 25, சனி

அழுதது போதும். நான் சரித்திர ரீச்சர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே என்று உயிரை வாங்குகிறவள். ஞானஸ்நானம் எங்கிருந்து வந்தது என்று நானே தேடிப் பார்த்தால் என்ன? ஹட்டனுக்குப் போய்ப் பாதரின் அலுமாரியிலிருந்து இரண்டு தடித்த இங்கிலீஷ் புத்தகங்கள் வாங்கி வந்தேன். பாஸ்டருடைய வாயை அடைக்கிற மாதிரி ஒரு பக்கமாவது கிடைக்காமலா போகும்?

பெப்ரவரி 2, ஞாயிறு

யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். யேசுவுக்கு முந்தியே யூதர்கள் முழுகிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! ஜெருசலேமில் ஆலயம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், படிக்கட்டு வெட்டிய கல் தொட்டிகளை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். மிக்வே என்று பெயர். பிணத்தைத் தொட்டால், மாதவிலக்கு முடிந்தால், ஆலயத்துக்குள் போக வேண்டுமென்றால், இறங்கி முழுகி எழ வேண்டும். அழுக்குப் போகக் குளிப்பது வேறு, அதை முதலிலேயே முடித்துவிட வேண்டும். இது தீட்டுக் கழிய. இதை எங்கள் லயத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதே இல்லை.

இன்னொன்று. அந்தத் தொட்டியை வாளியால் அள்ளி நிரப்பக் கூடாது. மழையாகவோ ஊற்றாகவோ தானாக வந்து சேர வேண்டும். ஓடும் ஊற்றுத் தண்ணீருக்கு அவர்கள் வைத்த பெயர் "உயிருள்ள தண்ணீர்". படித்துவிட்டு வெளியே போய் எங்கள் பீலியடியில் நின்றேன். மலையிலிருந்து தண்ணீர் யாரும் கேட்காமலே வந்து கொட்டிக்கொண்டிருந்தது. தினமும் இதில்தான் முகம் கழுவுகிறேன்.

பெப்ரவரி 5

கெட்ட செய்தி. மிக்வேயில் முழு உடம்பும் தண்ணீருக்குள் போயே ஆக வேண்டுமாம். ஒரு முடி வெளியே மிதந்தாலும் செல்லாதாம். கேஸ் பாஸ்டர் பக்கம் சாய்ந்துவிட்டது. அவர் பிடித்த பிடி அசல் யூதப் பிடி, அது அவருக்கே தெரியாது. எனக்கு எரிச்சலாக இருக்க வேண்டும். ஏனோ சிரிப்புத்தான் வந்தது.

பெப்ரவரி 9, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. யேசுவுக்கே ஞானஸ்நானம் கொடுத்த ஸ்நாபக அருளப்பரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மிக்வேயில் ஆள் தானே இறங்கித் தானே முழுகுவான். இன்றைக்கு முழுகுவான், தீட்டுப் பட்டால் நாளைக்கும் முழுகுவான். அதற்குக் கணக்கே இல்லை. அருளப்பர் யோர்தான் ஆற்றில் செய்தது வேறு. இன்னொருவர் கை உன்மேல் இருக்கிறது. நீ மனம் திரும்பிவிட்டாய் என்பதற்கு அது அடையாளம். முதல் கிறிஸ்தவர்களிடம் வரும்போது அது ஒரே ஒரு தரம் என்று ஆகிவிட்டது, கிறிஸ்துவோடு செத்துப் பிழைப்பது என்று அர்த்தம் சொன்னார்கள். செத்துப் பிழைப்பதை யார் இரண்டு தரம் செய்வார்கள்?

தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாத ஒன்று. எனக்கு அழகம்மா கொடுத்தாள்.

பெப்ரவரி 15, சனி

கிடைத்தது. கிடைத்தே விட்டது. அப்போஸ்தலர் காலத்தை ஒட்டிய ஒரு சபை விதிப் புத்தகத்தில் இருக்கிறது: ஓடும் தண்ணீரில் கொடு. அது இல்லையென்றால் வேறு தண்ணீரில். குளிர்ந்தது முடியாவிட்டால் சுடுதண்ணீரில். இரண்டுமே இல்லையென்றால் தலையில் மூன்று தரம் ஊற்று.

சுடுதண்ணீர்! அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "அந்தக் காலத்துலயும் கேத்தல் இருந்துச்சா?" என்று கேட்டாள். ஞானஸ்நானப் பேச்சு வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் சிரித்தாள்.

பெப்ரவரி 23, ஞாயிறு

கினிகத்தேனைக்கு, றொக்சன் வீட்டுக்குப் போனேன். இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

முதலில் பாஸ்டருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தேன். "நீங்க சொன்னது சரிதான் பாஸ்டர். ஆதியில முழுகத்தான் செஞ்சாங்க." அவர் முகம் மலர்ந்தது. மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு மிச்சத்தைச் சொன்னேன். மிக்வே, அருளப்பர், ஒரே தரம், தண்ணீர் போதாவிட்டால் தலையில் ஊற்றுவது, எல்லாவற்றையும்.

"யூதரு செஞ்சதெல்லாம் நமக்கு எதுக்கும்மா? ஒனக்குக் குடுத்தது யாரு, அதைச் சொல்லு."

சொன்னேன். அவர் எழுந்தே விட்டார். "விபூதி பூசுற கையாலயா?"

ஒரு மாதம் படித்ததில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. அப்போதுதான் றொக்சன் பேசினான். அப்பா முன்னால் குரல் உயர்த்தாதவன், இன்றைக்கும் உயர்த்தவில்லை.

"அப்பா, நம்ம சபை சின்னத்தம்பி தாத்தாவுக்கு ஆஸ்பத்திரியில என்ன செஞ்சீங்க?"

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்: "அவரு கட்டில விட்டு எறங்க ஏலாது. அப்பா கப்புல தண்ணி எடுத்துத் தலையில ஊத்துனாங்க. நான்தான் துவாய் புடிச்சேன்."

"அந்தாளு சாகப் போற நெலமையில இருந்தாருடா" என்றார் பாஸ்டர்.

"நானும் அப்படித்தான் இருந்தேன் மாமா."

எப்படி வந்தது அந்த "மாமா"? அதுவரை பாஸ்டர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நாங்கள் சொல்லிக்கொண்டு வெளியே வரும்போதும் திரும்பவில்லை. ஹட்டன் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டபோது றொக்சன், "அன்னைக்கு ஒரு நிமிஷ வேலைன்னு சொன்னது தப்பு" என்றான். இவனைத்தான் கட்டுவேன். எது நடந்தாலும்.

மார்ச் 3

கினிகத்தேனையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மார்ச் 11

றொக்சன் பேசினான். அப்பா இனிமேல் அதைப் பற்றிக் கேட்க மாட்டாராம். ஒத்துக்கொண்டாரா என்று கேட்டேன். "கேக்க மாட்டேன்னு மட்டுந்தான் சொன்னாரு." சரி, அதுவே பெரிசு. அம்மாவிடம் சொன்னேன். "மனசுக்குள்ள என்ன நெனைக்கிறாரோ" என்றாள்.

மே 12

கல்யாணம் முடிந்தது, எங்கள் கோயிலில். மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டும் பாடவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் மாமாவின் சபையில் மூன்று பேருக்கு ஞானஸ்நானம். ஆற்றுக்கு நானும் போனேன், துவாய் பிடிக்க. மழை தூறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஐஸ். மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்று, நடுங்குகிற ஒரு இளைஞனைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

கரையில் நின்ற சபைக்கார றோசலின் அக்கா சத்தமாகவே கேட்டார்: "பாஸ்டர், மருமக எப்ப எறங்குவாங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடேறிவிட்டது.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. "அவ ஏன் எறங்கணும்? அது ஞானஸ்நானம் வாங்குன புள்ள" என்றார். சொல்லிவிட்டு அந்த இளைஞனைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார்.

ஆற்றோரத்திலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். அழுகையும் சிரிப்புமாக வந்ததில் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"அவரு வாயாலயே சொன்னாரா?" என்று கேட்டாள் அம்மா.

"அவரு வாயாலதான்மா. ஆத்துல நின்னுக்கிட்டு."