முன்சக்கரத்துச் செம்புக் கம்பி

மூத்த மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதிய கடிதம்.

நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று. இப்போது என் சட்டையில் உள்ள கறை ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிகிறது. நிம்மதி போனது எனக்குத்தான்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அவள் காதை ஒட்டிக்கொண்டு நிற்பாள். நீயும் பிடிக்காததைக் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால் தெருமுனைத் தையல்காரர் கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவது அவர்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

உன் மோட்டார் சைக்கிளை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொன்னாய். போன திங்கட்கிழமை கொல்லைப்புறம் போய்த் தார்ப்பாயை அவிழ்த்தேன். முன்சக்கரம் பளபளவென்று இருக்கிறது, பின்சக்கரம் துருப்பிடித்து நிற்கிறது. ரயில்வே ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில் முப்பத்தாறு வருஷம் நின்றவன் நான். நம்பர் படிக்கத் தெரியாது. கீறல், நசுங்கல், சத்தம், இதை வைத்தே யார் வண்டி எது என்று சொல்லுவேன். ஒரு நாளும் வண்டி மாற்றிக் கொடுத்ததில்லை. உன் வண்டி வந்த அன்று முன்சக்கரத்தில் இரண்டு ஆரக்கம்பி குறுக்கே போகிற இடத்தில் அடையாளத்துக்குச் செம்புக் கம்பி சுற்றினேனே, அம்மா கூட வண்டிக்குக் கொலுசா என்று கேலி செய்தாளே, அந்தக் கம்பியைக் காணோம்.

முதலில் மாப்பிள்ளை மேல்தான் சந்தேகம் போயிற்று. அவனுக்கு அந்த வண்டி மேல் ஒரு கண் உண்டு என்பது உனக்கும் தெரியும். கேட்டுவிட்டேன். மாமா, நான் தொட்டதே இல்லை, நீங்கள் சொந்த நிழலையே சந்தேகப்படுகிற ஆள் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பிறகு யோசித்தேன். பழையதை வைத்துவிட்டுப் புதியதைத் தூக்கிப்போகும் திருடனைப் பார்த்திருக்கிறேன். புதியதை மாட்டிவிட்டுப் பழையதை எடுத்துப்போன திருடன் எந்த ஊரிலும் கிடையாது. அதோடு தார்ப்பாய்க் கயிற்றில் இருந்தது உன் இடது கை முடிச்சு. நான் அவிழ்க்கும் வரை அதை யாரும் தொடவில்லை. முடிச்சுக்கு உள்ளே தூசி உறைந்து கிடந்தது.

நீ கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மெக்கானிக்கிடமிருந்து வண்டியைக் கொண்டுவந்தாய். வரும்போதே தார்ப்பாய் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தாய். தூசி படக்கூடாது என்றாய். ஆயில் மாற்ற விட்டிருந்தேன் என்றாய். ஆயில் மாற்ற ஐந்து நாளா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஊருக்குப் போகிற பிள்ளையை நோண்டுவானேன் என்று விட்டுவிட்டேன்.

மெக்கானிக்கிடம் போனேன். என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். உங்கள் மகனையே கேளுங்கள் பெரியவரே என்றான். ஷெட்டின் பின்சுவரில், ஆணியில், நம் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. செம்புக் கம்பி அப்படியே இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டதும்தான் சொன்னான், பள்ளத்தில் இறங்கிவிட்டது என்று சொல்லி நீதான் கொடுத்தாயாம். கோட்டம் எடுக்க முடியாது, புதுசு மாட்டுங்கள் என்றானாம். பழையதைத் தூக்கிப் போடச் சொன்னாயாம். நடு ஹப் நன்றாக இருந்ததால் இவன் வைத்துக்கொண்டான். பள்ளத்தில் இறங்கினால் ரிம் அடியில் நசுங்கும். இது பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. அடுத்தடுத்து மூன்று ஆரக்கம்பி அறுந்திருக்கிறது, பக்கத்திலிருந்து எதுவோ உள்ளே புகுந்த மாதிரி.

இனி அந்த மழைச் சாயங்காலத்துக்கு வருகிறேன். தையல்காரர் பேனாவை நிறுத்தினார். எழுதுங்கள் என்றேன்.

நீ கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் போன இந்தத் தையல்காரரை ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துத் தள்ளிவிட்டுப் போனதே. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். இப்போதும் இடது காலால்தான் மிஷினை மிதிக்கிறார். அன்றைக்குத் தெரு ஜனம் முழுக்க என்னைத்தான் கேட்டது, நீங்கள் வாசலில்தானே இருந்தீர்கள், எந்த வண்டி என்று. நான் காதால் கேட்டதைச் சொன்னேன். ஒரு வண்டி சரக் சரக்கென்று எதையோ உரசிக்கொண்டு போயிற்று, அப்படிச் சத்தம் போடுகிற வண்டி நம் தெருவில் இல்லை, வெளியூர்க்காரன் என்றேன். போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன். என் வாய்க்கு இருந்த மரியாதையில் அதோடு தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள். வளைந்த சக்கரம் அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் உரசினால் என் வீட்டு வண்டியே வேறு வண்டி மாதிரிக் கேட்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இன்று காலை அந்தச் சக்கரத்தை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி உருட்டிக்கொண்டு இங்கே வந்தேன். இவர் சைக்கிளை ரிப்பேர் பார்க்காமல் சுவரில் சாய்த்தே வைத்திருக்கிறார். பெடல் உள்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது. அந்த ரப்பருக்குள் ஒரு கம்பித் துண்டு குத்தி நிற்கிறது. பிடுங்கி, நம் சக்கரத்தில் அறுந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். மகனே, பொருந்திவிட்டது.

இவர் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக் காகிதத்தை எடுத்தார். வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருந்தால் நான் பாதியை விழுங்கியிருப்பேன். அதற்குத்தான் இவரிடம் வந்தேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கச் சொல்கிறார். விழுந்து கிடந்தபோது அந்த வண்டி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றதாம். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம். பத்து எண்ணுகிற நேரம் நின்றுவிட்டு அப்புறம்தான் போயிற்றாம். அந்தப் பத்து எண்ணுகிற நேரத்தில் அவன் என்ன நினைத்தான் என்று தெரிந்தால் போதும் என்கிறார்.

நான் நினைப்பதெல்லாம் தப்பு என்றால் அப்படியே எழுது. நான் சந்தேகப் பிராணி என்று ஊரே சொல்கிறது, இந்த ஒரு தடவை ஊர் சொன்னது சரியாகிப் போகட்டும். தப்பு இல்லை என்றால் எழுதாதே. நேரில் வா. நீ வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அன்றைக்கு நான் சொன்னது தவறு என்று சொல்லப்போகிறேன். அதை உனக்கு முன்கூட்டியே சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

வண்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. தார்ப்பாயையும் திரும்பப் போடவில்லை. அம்மாவுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் புதுச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. ரோட்டில் பார்த்துப் போ. நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் காலையில் எழுந்ததும் கும்பிடுகிறேன், இன்றைக்கும் கும்பிட்டேன்.

உன் அப்பா,
இடது கைப் பெருவிரல் ரேகை.