வண்டி ஓடுது, அப்புறம் பேசுங்க

இன்றைக்கும் அடித்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தேன். நல்ல பனி. ரோட்டோரத்துத் தேயிலை இரண்டு நிரைக்கு மேல் தெரியவில்லை. ரோடு மடங்கி வளைகிற முடக்கில் வண்டியைத் திருப்பியதுதான் தாமதம், என் சீட்டுக்கு அடியில் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்த போன் அலற ஆரம்பித்தது. அது உன் டின்தான். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு என்று இஞ்சி டொபி போட்டு வைத்திருப்பாயே, அதே டின். இஞ்சி வாசம் இன்னும் போகவில்லை. போன் அடிக்க அடிக்க, பின்னாலிருந்து பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "வண்டி ஓடுது, அப்புறம் பேசுங்க!"

அதை நீ சொல்லிக் கொடுக்கவில்லை. நீ சொன்னதைக் கேட்டுக் கேட்டு அதுகளுக்கே தொற்றிக்கொண்டது. நீ போன பிறகு சேர்ந்த சின்னதுகளும் பெரியதுகளிடமிருந்து பிடித்துக்கொண்டன. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அழுது வடியப் போவதில்லை, பயப்படாதே. எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் ஆத்திரம்தான் வருகிறது. அது குறையவும் இல்லை, குறைக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

நோர்வூட்டிலிருந்து நம் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில் பாலம் தாண்டியதும் போனில் சிக்னல் செத்துவிடும். பிறகு அந்தப் பெரிய முடக்கிலும் அதை ஒட்டிய கோயில் மேட்டிலும் மட்டும்தான் உயிர் வரும். அதனால் அதற்குச் சிக்னல் முடக்கு என்றே பெயர். நம் சனத்தின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல வேண்டும். எந்த வண்டி எந்த நேரம் அந்த முடக்குக்கு வரும் என்று லயத்து வீடுகளில் எல்லாருக்கும் கணக்கு தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் டிரைவருக்குக் கோல் எடுப்பார்கள். "இப்ப முடக்குக்கு வந்திருப்பான், அடி அடி!" ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதிரே வருவது தெரியாது. இரண்டு கையும் ஸ்டேரிங்கில் இருக்க வேண்டிய அந்த ஓர் இடத்தில்தான், வரும்போது மிளகாய்த்தூள் வாங்கி வா என்று சேதி சொல்வோம். இப்படி ஒரு மடத்தனத்தை நேரம் குறித்துச் செய்யும் சனம் வேறு எங்கேயாவது உண்டா?

நீ இதை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாய். முதுகு வலியால் மலையில் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு, என் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க வந்தாய். ஒன்றாகப் படித்து ஒன்றாகப் பரீட்சையில் கோட்டைவிட்ட நாம் இரண்டு பெண்களும், மறுபடி பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தோம். நீ போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: போன் உன்னிடம் இருக்கும். அடித்தால் நீ எடுத்து, "வண்டி ஓடுது, அப்புறம் பேசுங்க" என்று சொல்லி வெட்டிவிடுவாய். யார், என்ன, எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. ஒருநாள் என் மாமியாரையே வெட்டினாய். அது ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதற்காக உனக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

"ஒரு நிமிசந்தானே புள்ள, குடு" என்று ஒருநாள் நான் கை நீட்டினேன். நீ போனை ஜன்னலுக்கு வெளியே பள்ளத்துக்கு மேலே நீட்டிப் பிடித்தாய்.

"பேசறியா, போடவா?"

"அடியே, அது புது போன்டி!"

"அப்ப ரோட்ட பாரு."

நான் ரோட்டைப் பார்த்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றையிலிருந்து உனக்குப் போன் பொலிஸ் என்று பெயர் வைத்தார்கள். நீயும் பெருமையாகத்தான் ஏற்றுக்கொண்டாய்.

அந்த நாளுக்கு வருகிறேன். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டார்கள். நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டும்.

முடக்கைத் தாண்டி, எப்போதும் நிறுத்தும் இடத்தில், வேனை நிறுத்தியிருந்தேன். நீ கீழ்லயத்துப் பிள்ளைகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் படிக்கட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாய். மேலேயிருந்து கொழுந்து லொறி இறங்கியது. லைட் போடவில்லை. ஹோர்ன் அடிக்கவில்லை. இந்த மலையில் குடித்துவிட்டு ஓட்டுகிறவன்கூட முடக்குக்கு முடக்கு ஹோர்ன் அடிப்பான். லொறி வருவது முதலில் எனக்குத் தெரியவே இல்லை. பனிக்குள்ளே ஒரு முகம் மட்டும்தான் தெரிந்தது. கீழேயிருந்து நீல வெளிச்சம் அடித்த முகம். அது மடியைப் பார்த்துக் குனிந்திருந்தது. நான் ஹோர்னில் கை வைத்தபோது நீ திரும்பிப் பார்த்தாய். அவன் அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தான்.

லொறி ஓட்டியவன் வேறு யாருமில்லை, கீழ்லயத்துச் சுதாகர். உன் கல்யாணத்தில் வாழைமரம் கட்டிய சுதாகர்தான்.

உன் காரியம் முடிவதற்கு முன்பே எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பனிதான் காரணமாம். தோட்டத்துத் தலைவர் என் வாசலில் வந்து உட்கார்ந்தார். "போன உசுரு திரும்பி வரவா போகுது? அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கு. நம்ம பையன். பனின்னு ஒரு வார்த்த சொல்லிட்டீன்னா எல்லாருக்கும் நல்லது. பனி மேல யாரு கேஸ் போடப் போறா?"

"பனி நம்ம தாத்தா காலத்துல இருந்து இருக்கு தலைவரே" என்றேன். "லைட் போடாத, ஹோர்ன் அடிக்காதன்னு அது யாருக்கும் சொன்னதில்ல."

"சாமி கூட்டிக்கிருச்சுன்னு மனச தேத்திக்கம்மா."

"சாமி எப்ப லொறி ஓட்டக் கத்துக்கிச்சு?"

நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார். அடுத்ததாக, முடக்கிலேயே ஒரு சூலம் நட்டு இன்னொரு கோயில் கட்டுவதாகப் பேச்சு வந்தது. டிரைவர்மார் கும்பிட்டுவிட்டுப் போனால் ஆபத்து வராதாம். அந்தக் கூட்டத்தில் நான் கேட்டேன்: "ஒரு கையில போன். இன்னொரு கையால கும்பிடு. அப்ப ஸ்டேரிங்க சாமி பிடிக்குமா?" பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுபோகும். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு போகும்வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சொந்தச் சனத்தைக் காட்டிக் கொடுக்கிறவள் என்றார்கள். நீ யாருடைய சனம் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

பொலிஸில் சார்ஜன்ட் என் பதிலை எழுதுவதற்கு முன்பே தலையை ஆட்டிக்கொண்டு, "மீதும, நேத?" என்று கேட்டார். பனிதானே, என்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "நே மாத்தயா, போன் எக்க" என்றேன். பனியில்லை ஐயா, போன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் திருப்பிச் சொன்னேன்.

ஒருநாள் சுதாகர் என்னைத் தேடி வந்தான். நான் பீலியடியில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் ஆளே பாதியாகப் போயிருந்தான். காலில் விழப் பார்த்தான், நான் வாளியை நடுவில் வைத்தேன்.

"அக்கா, நானா ஆசப்பட்டு பேசுனேன்? டீமேக்கர் ஐயா கோல் எடுத்தாரு. கொழுந்து கருகுது, எங்க இருக்கன்னு. எடுக்கலன்னா நாளைக்கு வராதன்னுடுவாரு. நான் முடக்குக்கு வர நேரம் பாத்துத்தான் தினமும் கோல் எடுப்பாரு."

பெக்டரியில் தேயிலை அரைப்புக்கெல்லாம் பொறுப்பான அதே டீமேக்கர் ஐயாதான். அவருடைய பெயர் அதுவரை இந்தக் கதையில் யார் வாயிலும் வரவில்லை.

"அப்ப அதையும் கோர்ட்டுல சொல்லு" என்றேன். "நான் பாத்தது உன் மூஞ்சி. போனுக்கு அந்தப் பக்கம் இருந்த மூஞ்சிய நீதான் காட்டணும். ஆனா ஒண்ணு சுதாகர், அத சொல்லிட்டா நீ தப்பிச்சேன்னு நெனைக்காத."

அவனை நான் மன்னிக்கவில்லை. இதை உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். அவன் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்காது, அது வேறு. நீ வாழ்ந்திருக்க வேண்டிய வருசங்களை யார் கேட்டாலும் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

கோர்ட்டில் அவனுடைய லோயர் என்னை நிறுத்திக் கேட்டார். ரோடே தெரியாத பனி என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தப் பனியில் ஓடுகிற லொறிக்குள் இருப்பவரின் முகம் உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"போன் வெளிச்சத்துல தெரிஞ்சிச்சு, ஐயா" என்றேன்.

பிறகு சுதாகர் தானாகவே வாயைத் திறந்தான். போனைக் கையில் வைத்திருந்தது உண்மை என்றான், கோல் எடுத்தது யார் என்றும் சொன்னான். அவனுக்குத் தண்டனை கிடைத்தது, லைசனும் போனது. கோல் எடுத்தவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமும் பெக்டரி வழக்கம்போல் ஓடியது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் அம்பையும் நோவேன், எய்தவனையும் நோவேன். எனக்கு அந்தப் பெருந்தன்மையெல்லாம் கிடையாது.

இப்போதும் நோர்வூட் டவுனில் வேன்காரர்கள் கூடினால் இந்தப் பேச்சு வரும். ஓட்டும்போது போனைத் தடை செய்வது சரியா, இல்லையா? சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுகூடச் சிலருக்கு மறந்துவிட்டது. "தோட்டத்துக்கு ஆம்புலன்ஸ் ஏறி வருமா? ராத்திரி பகல்னு எவனுக்கு வலி வந்தாலும் வேன்காரனுக்குத்தான் அடிக்கணும். போன எடுக்காதன்னா எப்பிடி?" என்பார்கள். இது பொய்யில்லை. லயத்துச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் என் நம்பரும் கரியால் எழுதியிருக்கிறது. அதனால்தான் நான் சொல்கிறேன், எடுக்காதே என்பது பாதிச் சட்டம். ஓடுகிறவனுக்கு அடிக்காதே என்பதுதான் மீதி. அந்த மீதியைப் பொலிஸ் வந்து போடாது, நாம்தான் போட வேண்டும்.

என் வண்டியில் நான் போட்டுவிட்டேன். போன் டின்னுக்குள் இருக்கும். உயிர் போகிற அவசரமா, மூன்று தரம் விடாமல் அடியுங்கள், ஓரம்கட்டி நிறுத்திப் பேசுவேன். மற்றதெல்லாம் கோயில் மேட்டில். இதைச் சொன்னதும் சில வீட்டில் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள். திமிர் பிடித்தவள் என்றார்கள். இருக்கட்டும், திமிர்தான். போன மாரியில் ஒருநாள் டின் மூன்று தரம் அடித்தது. நிறுத்தினேன். மேட்டு லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி. பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே போனேன், தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். அதற்குப் பிறகு, மாறிப்போன பிள்ளைகளில் சிலதுகள் ஒன்றும் நடக்காததுபோல் என் வேனிலேயே வந்து ஏறிக்கொண்டன.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீ வயிறு வலிக்கச் சிரிப்பாய். இந்தப் பள்ளித் தவணையிலிருந்து என் முன் சீட்டில், நீ உட்காரும் இடத்தில், ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து வருகிறாள். டீமேக்கர் ஐயாவின் மகள். வேறு எத்தனையோ வேன் இருக்க அவர் என்னைத் தேடி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "உங்க வண்டிதான் சேப்ட்டின்னு சொன்னாங்க" என்றார். எதனால் சேப்ட்டி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் நீ இருந்திருந்தால் பிள்ளையின் புத்தகப் பையை முதலில் வாங்கி வைத்திருப்பாய். ஏற்றிக்கொண்டேன்.

இன்றைக்கு முடக்கில் போன் அடித்தது என்றேனே. கோயில் மேட்டுக்கு வந்து, வண்டியை ஓரம்கட்டி, பிரேக் போட்டுவிட்டு டின்னைத் திறந்தேன். அவருடைய நம்பர்தான். நானே திருப்பிக் கோல் எடுத்தேன்.

"எங்க இருக்கீங்க? முடக்குக்கு வந்திருப்பீங்கன்னு நேரம் பாத்துத்தானே எடுத்தேன், ஏன் பேசல?"

"முடக்குலதான் இருந்தேன் ஐயா. உங்க மகளும் அந்த முடக்குலதான் இருந்தா. போன் அடிச்சப்ப வண்டி ஓடுது, அப்புறம் பேசுங்கன்னு முதல்ல கத்துனதே அவதான். உங்களுக்குக் கேட்டிருக்காது."

அந்தப் பக்கம் பெக்டரி மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. நானே வெட்டினேன். அவருடைய மகள் டின்னை வாங்கி, மூடியை அழுத்தி மூடி, சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, "போகலாம் அன்ட்டி" என்றாள்.

கோயிலும் வேண்டாம், சூலமும் வேண்டாம் என்று உனக்காக நான் சண்டை போட்டது இதற்குத்தான். நீ அந்த முடக்கில் இல்லை. என் வேனுக்குள் இருக்கிறாய், அந்தப் பிள்ளைகளின் வாயில் இருக்கிறாய். நாளைக்கும் அந்த இடத்தில் போன் அடிக்கும். தலைவர் எடுத்தாலும் சரி, டீமேக்கர் எடுத்தாலும் சரி, என் மாமியாரே எடுத்தாலும் சரி, அடிக்கட்டும். வண்டி ஓடுதுடி.