யூனிஸ் வீட்டுப் புகை

ஜனவரி 8, 1996

என் மகள் கண்ணம்மா நோட்டில் எழுதாமல் விட்டுப்போன பக்கங்களில் எழுதுகிறேன். அவள் காய்ச்சலில் போய் ஒரு வருஷம். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், எழுத்து கோணல்தான். ஆனால் இன்றைக்குச் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பக்கத்து வீட்டு யூனிஸ் மஞ்சள் காமாலையில் செத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தேயிலைத் தோட்ட வேலைக்கு ஆள் இல்லாத லைன் வீட்டைக் காலி பண்ணணும் என்று மேஸ்திரி நல்லசிவம் வந்து சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு அப்பனும் இல்லை. ஜெஸிந்தா பிளஸ் டூ, டக்ளஸ் ஒன்பதாவது. திருப்பூர்ச் சித்தப்பா, பையனை மட்டும் பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போகிறாராம். பெண்ணை விடுதியில் விடணுமாம்.

ஜெஸிந்தா அழவில்லை. "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்போமுங்க சித்தப்பா" என்று சொல்லி, அவர் குடித்த டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டாள்.

ஜனவரி 9

வழி இருக்கிறது! அடுப்பு எரிகிற வீட்டுக்குப் பூட்டுப் போடமாட்டார்கள் — எங்கள் லைனில் அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். பிப்ரவரி இருபதில் ஜெஸிந்தாவுக்குப் பதினெட்டு முடிகிறது. அம்மா வேலையில் அவள் பேரைப் பதிந்துவிட்டால் வீடு அவர்களுக்கே. அதுவரை அடுப்பு அணையக்கூடாது. பசங்க பள்ளிக்கூடம் போனால் நானும் எதிர்வீட்டு சுலோச்சனாவும் முறை வைத்து ஓடி வந்து விறகு தள்ளுவோம்.

ஜனவரி 13

ஈர விறகு. ஊதி ஊதிக் கண் போச்சு. சுலோச்சனா முகமெல்லாம் கரி. எத்தனை நாளாச்சு நான் இப்படிச் சிரித்து?

ஜனவரி 17

நல்லசிவம் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஏனுங்க ஆயம்மாக்கா, ரெண்டு பசங்க திங்கறதுக்கு நாள் பூராவுமா பொகையுது? கல்யாணச் சமையலுங்களா?"

"வளர்ற புள்ளைங்க, பசிக்குமில்லீங்க மேஸ்திரி. உங்களுக்கும் ஒரு வாய் போடட்டுங்களா?"

உள்ளே டக்ளஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். அடுப்பில் வெறும் வெந்நீர்!

பிப்ரவரி 3

சனிக்கிழமை. பழகட்டும் என்று ஜெஸிந்தாவை என்கூடக் கொழுந்து பறிக்கக் கூட்டிப்போனேன். என்ன கை அது! அப்படியே யூனிஸ் கை. எல்லோரும் வந்து வந்து பார்த்தார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பிப்ரவரி 18

டக்ளஸ் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே கேட்டான். "பேர் பதிஞ்சா மறுநாளிருந்து வேலைக்குப் போகோணுமில்லீங்க பெரிம்மா. அப்ப அக்கா எப்படிப் பரீட்சை எழுதும்?"

பரீட்சை! அடிப்பாவி ஆயம்மா — அடுப்பு ஊதுகிற குஷியில் ஒருத்திக்காவது அது தோன்றியதா? ஜெஸிந்தாவுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. "ஊடு போனா இவனும் போயிருவான் பெரிம்மா. படிப்பு கெடக்குது" என்றாள். சத்தமே இல்லாமல்.

கெடக்கறதா? நான் இருக்கறப்பவா?

என் வீடு இருக்கிறதே. வெளி ஆளைச் சேர்க்க விடமாட்டார்கள், தெரியும். பசங்களை என்னோடு வைத்துக்கொள்ளக் கேட்டு நாளைக்கு ஆபீசுக்குப் போகிறோம். மூன்று பேரும்.

பிப்ரவரி 19

ஆபீசுக்குப் போய் வந்தோம்.

தோட்டத்து மானேஜர் துரை புதுசு. சின்ன வயசு. "இவங்க உனக்கு என்ன உறவு?" என்றார்.

"என் தங்கச்சி யூனிஸ் பசங்க."

"அந்தம்மா கிறிஸ்டியனாச்சே? நீ?"

பக்கத்தில் நல்லசிவம் நிற்கிறார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"தண்ணிக் குழாய்ல இவங்க போட்ட சண்டையைப் பதினஞ்சு வருசமாப் பாக்கறேனுங்க. அக்கா தங்கச்சிதானுங்க."

துரை சிரித்துவிட்டார். பள்ளிக்கூடம் முடிகிறவரை என் வீட்டில் இருக்கலாம் என்று ஜெஸிந்தாவைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் விடவில்லை. "தம்பி பள்ளிக்கூடம் முடியற வரைக்குமுங்களா சார்?" என்று கேட்டாள். "சரிம்மா, அதுவும்தான்" என்றார். யூனிஸ், உன் பிள்ளையைப் பார்த்தியாடி!

பிப்ரவரி 20

ஜெஸிந்தாவே அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். வீட்டுச் சாவியை அவளே ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வரும்போதுதான் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 6

முதல் பரீட்சை. காலை முதல் பஸ்ஸில் குன்னூருக்குப் போனாள். கொழுந்து பறிக்கிறேன், கண்ணெல்லாம் மேல் ரோட்டில். எடை ரொம்பக் குறைவு. நல்லசிவம் பார்த்தார், எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தமிழ் சுலபமாம். சாயங்காலம் கேள்வித்தாளைப் பிடுங்கி இரண்டும் ஒரே சண்டை. அது முடிந்து, சுவரோரம் யார் படுப்பது என்று அடுத்த சண்டை. அது கண்ணம்மா படுக்கிற இடம். அவர்களுக்குத் தெரியாது. இத்தனை நாள் அங்கே தகரப்பெட்டியை வைத்திருந்தேன்.

பெட்டியை நகர்த்திப் பாயை விரித்தேன். "அக்காளுக்கு நாளைக்கும் பரீட்சைடா, அவ படுக்கட்டும்" என்றேன். டக்ளஸுக்கு என்மேல் கோபம். கூப்பிட்டால் பேசமாட்டேன் என்கிறான்.