வண்டி புளிக்குத்தான்

அன்புள்ள வெள்ளையன் மச்சானுக்கு,

நம் வீட்டில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டதை உனக்கு முறைப்படி தெரிவிக்கிறேன். மூன்று நாள் விவாதத்துக்குப் பிறகு, கப்பல் பயணத்துக்குப் புளி உருண்டை எடுத்துச் செல்வது என்றும், அதைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது என்றும் தீர்மானமானது. ஆதரவாக ஒரு வாக்கு, உன் தங்கை அலமேலுவுடையது. எதிர்த்து ஒரு வாக்கு, என்னுடையது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கப்பல் என்றதும் நீ சிரிப்பாய் என்று தெரியும். ஏரியில்கூடப் பரிசல் ஏறாதவர்கள் நாம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், உன் மருமகள்தான் ஏற்பாடு செய்தாள். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கடலுக்குள் போய், மூன்றாம் நாள் அதே துறைமுகத்தில் இறங்க வேண்டும். எங்கும் போகாமல் திரும்பி வருவதற்கு இவ்வளவு பெரிய கப்பல் எதற்கு என்று அலமேலு கேட்டாள். முப்பது வருடம் யாரும் வராத நூலகத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

உனக்குத் தெரியாத சேதி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அலமேலுவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கை தேறிவிட்டது. கால் தேறவில்லை. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை டாக்டர் சொல்லும் முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன். வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பாள், வாசல்வரை ஊன்றுகோல். அதோடு சரி. ஜமுனாமரத்தூர் சந்தையில் புளிக்கூடையோடு உட்கார்ந்து வியாபாரிகளை அழவைத்தவள் இரண்டு வருடமாகச் சந்தைப் பக்கமே போகவில்லை.

சக்கர நாற்காலி வாங்கலாம் என்று மகள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். அலமேலு மறுத்துவிட்டாள். காரணம் நீதான், மச்சான்.

அன்று உன்னை ஆஸ்பத்திரிக்கு டோலி கட்டி மலையிலிருந்து இறக்கினோம். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். காய்ச்சலில் நீ ஏதோ பாடிக்கொண்டே வந்தாய். உன் தங்கை பின்னாலேயே ஓடி வந்தாள். தார் ரோட்டைத் தொடுவதற்குள் பாட்டு நின்றுவிட்டது. அன்றிலிருந்து அடுத்தவர் கையால் நகரும் எதிலும் அவள் உட்காரமாட்டாள். "தூக்கிக்கினு போனவங்க யாரு திரும்பி வந்தாங்க?" என்பாள். நீ போன பாதையில் இப்போது ரோடு போட்டிருக்கிறார்கள். பெயர்ப்பலகைகூட உண்டு. உனக்குப் பயன்படவில்லை, எழுதியவர் கையெழுத்து நன்றாக இருக்கிறது.

துறைமுகத்தில் கப்பல்காரப் பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அலமேலு அதை மேலிருந்து கீழ் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இது? நான் இன்னா பொணமா?"

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நல்லவேளை.

அலமேலு என் தோளைப் பிடித்து, சரிவுப் பலகையில் ஒவ்வொரு அடியாக ஏறினாள். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. அதில் முதலில் நின்றவர் கண்ணமங்கலத்தில் துணிக்கடை வைத்திருப்பவர், மனைவியோடு வந்திருந்தார். "அம்மாவ சேர்ல ஒக்கார வைங்க சார், பின்னாடி எல்லாரும் நிக்கிறோம் இல்ல?" என்றார்.

"நிக்க முடியுது இல்ல? நில்லு," என்றாள் அலமேலு திரும்பாமல்.

முதல் நாள் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகத் தெரியும் கடல் போதும் என்றாள். எனக்கும் குறையில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், நான் இரண்டு தட்டுகளோடு நடந்துகொண்டிருந்தேன். மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். பஸ் ஜன்னலுக்குள் துண்டை வீசி இடம் பிடிப்பது நம் மலையோடு முடிந்த வழக்கம் அல்ல என்று தெரிந்து பெருமைப்பட்டேன். அறைக்கு வந்து சொன்னேன். "நீ போட்டியா?" என்றாள். போட்டிருந்தேன், இரண்டு பேருக்கு. "ஒண்ண எடுத்துரு," என்றாள்.

நான் எடுக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே கடலுக்குக் கோபம் வந்தது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மறுபக்கம் சாய்ந்தது. சாப்பாட்டுக் கூடம் காலியானது. நடைவழி முழுக்க ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓங்கரிக்கும் சத்தம். எங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாழ்நாள் முழுவதும் மலை பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில், ஆட்டுக்குட்டியையும் அரிசி மூட்டையையும் இடித்துக்கொண்டு நின்றே வந்தவர்களை வங்காள விரிகுடா என்ன செய்துவிடும்? நான் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்து அறையில் ஒரு பெண் அழுதாள். கண்ணமங்கலத்துத் துணிக்கடைக்காரரின் மனைவி.

"அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து எடுக்குது," என்றாள் அலமேலு. "மாத்திரை தந்தாங்களா?"

"தந்தாங்க. அதுவும் வந்துருச்சாம்."

அலமேலு ஊன்றுகோலை எடுத்து எழுந்தாள். கப்பல் சாய்ந்தது. கட்டிலில் விழுந்தாள். மறுபடி எழுந்தாள், மறுபடி விழுந்தாள். மூன்றாம் முறை எழவில்லை. கதவுக்கு வெளியே, யாருக்காவது உதவும் என்று அந்தக் கப்பல்காரப் பெண் மடித்து வைத்துவிட்டுப் போன சக்கர நாற்காலி இருந்தது. அதை வெகுநேரம் பார்த்தாள்.

"அத எடுத்துக்கினு வாய்யா."

"யாருக்கு?"

"எனக்கு இல்ல. புளிக்கு. நான் புளிய மடியில வெச்சிக்கினு சும்மா ஒக்கார்றேன். வண்டி புளிக்குத்தான்."

மச்சான், நான் சிரிக்கவில்லை. உன் மேல் ஆணையாகச் சிரிக்கவில்லை. புளி உருண்டை டப்பாவை அவள் மடியில் வைத்து, புளியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

துணிக்கடைக்காரர் வாளியைக் கட்டிக்கொண்டு தரையில் இருந்தார். அலமேலு அவருக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு துண்டு கிள்ளி நீட்டினாள். "மெல்லாத. நாக்குக்கு அடியில ஒதுக்கி வெச்சிக்கோ."

"இன்னாம்மா இது?" என்றார் அவர்.

"புளி, உப்பு, மொளகா. வாய மூடு மொதல்ல."

பிறகு அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. குஜராத்திக் குடும்பம் ஒன்று, ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர். பட்டாளத்துக்காரர் இரண்டு துண்டு கேட்டார். "ஆளுக்கு ஒண்ணுதான்," என்றாள். சந்தையில் கேட்ட அதே குரல். இரண்டு வருடமாக நான் கேட்காத குரல்.

"உள்ள அடைஞ்சி கெடந்தா அடங்காது. ஜன்னலோர சீட்டு வேணும். காத்து படணும், தூரத்துல பாக்கணும். எல்லாரும் மேல வாங்க," என்று உத்தரவு போட்டாள். தூரத்தில் பார்ப்பதற்கு நம் காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் பெரிய தொலைநோக்கியே வைத்திருக்கிறார்கள், நமக்கு அது புதிதல்ல. லிஃப்டில் ஏழெட்டுப் பேர் வெளிறிய முகத்தோடு அவளைச் சுற்றி நின்றார்கள். மேல்தளத்தில் நான் போட்ட இரண்டு துண்டும் அப்படியே இருந்தன.

புளியால் சரியானதா, கடலே அடங்கியதா, எனக்குத் தெரியாது. அலமேலுவுக்குத் தெரியும்.

சாயங்கால வெயிலில் எல்லோரும் சற்றுத் தேறி உட்கார்ந்திருந்தார்கள். துணிக்கடைக்காரரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அலமேலு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மேடுகூட இல்லயே," என்றாள். பிறகு, "எங்கண்ணன் பாத்திருந்தா இன்னா சொல்லியிருக்கும்?"

என்ன சொல்லியிருப்பாய், மச்சான்? இவ்வளவு சமதரையை வீணாகப் போட்டு வைத்திருக்கிறார்களே, சாமை விதைத்திருக்கலாமே என்றுதான் சொல்லியிருப்பாய் என்றேன். அவள் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடல்காற்று உப்பு என்றாள்.

மூன்றாம் நாள் இறங்கும்போது நாற்காலியை நானே தள்ளுவேன் என்று துணிக்கடைக்காரர் அடம்பிடித்தார். புளி தீர்ந்துபோயிருந்தது. ஆனாலும் அலமேலு காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். சரிவுப் பலகையின் முடிவில் ஒரு படி. சக்கரம் இறங்காது. கப்பல்காரர்கள் நான்கு பேர் வந்து நான்கு பக்கமும் பிடித்தார்கள். நாற்காலி தரையை விட்டு எழுந்தது.

அலமேலு கண்ணை மூடிக்கொண்டாள். என் மணிக்கட்டில் அவள் பிடித்த இடம் சிவந்துபோனது. வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். நீ அன்று டோலியில் பாடியதா, தெரியவில்லை. கேட்கவில்லை.

அவளைக் கீழே வைத்தார்கள். கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"எறக்கி வுட்டுட்டாங்க," என்றாள்.

"ஆமா."

"நடு வழியில ஒண்ணும் ஆகல."

"ஆகல."

"அப்போ வூட்டுக்குப் போலாம்."

போனோம். பஸ் மலை ஏறும்போது முன்சீட்டில் ஒரு பையன் வாந்தி எடுத்தான். டப்பா காலி என்பதை அவள் பெரும் துக்கத்தோடு அறிவித்தாள்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் காரணம் உண்டு. உன்னைப் புதைத்த இடத்துக்கு அவள் வந்து வருடங்கள் ஆகின்றன. வரும் பொங்கலுக்குள் அவளை உன்னிடம் கூட்டி வருவேன், தார் ரோடு வழியாக, நானே தள்ளிக்கொண்டு. கடைசி மேட்டில் எனக்கு மூச்சு வாங்கும். தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே. உனக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்பது என் கணிப்பு.

மகள் போன வாரம் ஒரு சக்கர நாற்காலி அனுப்பினாள். இன்று சந்தை நாள். நாற்காலியும் புளிக்கூடையும் பக்கத்து வீட்டு ராணியும் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். அடுப்பில் சாமைச் சோறு வேகிறது, நான்தான் வடிக்க வேண்டும்.

உன் தங்கை புருஷன்,
ஏழுமலை