நான்கடி நிலமும் ஓர் இரும்புப் படியும்

இன்று காலை எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டுக் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். அவர் தின்னர் டப்பாவைத் திறந்ததும் கதவிடுக்கு வழியாக வாசனை உள்ளே வந்துவிட்டது. கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தேன். மேற்கு மாம்பலத்தில் எல்லா வீட்டிலும் சாம்பார் கொதிக்கிற நேரத்தில், எனக்கு மட்டும் உன் வாசனை.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற வீட்டில் பிறந்தவள் நீ. "மீன் நாத்தம் போயி தின்னர் நாத்தம் வந்துச்சி, இன்னும் ஒரு வாட்டி கூட மல்லிப்பூ வாசன வரல" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். மயிலாப்பூரில் டைப்ரைட்டிங் படிக்கப் போன இடத்தில் என் பக்கத்து மெஷின் உன்னுடையது. ஹையர் பரீட்சை பாஸ் செய்த நான் அரசு நில அலுவலகத்தில் குத்தகைப் பிரிவில் உட்கார்ந்தேன். நீ ஹையரில் கோட்டைவிட்டு, தொழிற்பேட்டையில் தின்னரை டப்பாக்களில் அடைக்கிற கம்பெனிக்குப் போய், கடைசியில் அங்கே சூப்பர்வைசர் ஆனாய். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் தெப்பக்குளப் படியில் சந்திப்பதை நாம் விடவே இல்லை.

ஒருநாள் என்னை உன் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டு போனாய். முதல் மாடியில் ஒரே கூடம். பத்தொன்பது பெண்கள். கீழே இறங்க முன்பக்கம் ஒரே ஒரு படிக்கட்டு. நீ பின்சுவரைத் தட்டிக் காட்டினாய்.

"இங்க ஒரு கதவு ஒடச்சி, வெளிய ஒரு இரும்புப் படி வச்சா போதும்டி. ஓனரு ரெடியா கீறாரு. ஆனா படி நிக்கிற எடம் கவர்மென்ட்டு எடமாம். உங்க ஆபீஸ்தான் குடுக்கணும்னு சொல்றாரு."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கம்பெனி நிற்கிற மனையே அரசு குத்தகைக்குக் கொடுத்ததுதான். அதன் பின்னால் நான்கடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம், குத்தகையில் சேராதது. பழைய டப்பாக்களும் எருக்கஞ்செடியும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அந்த நான்கடியையும் சேர்த்துப் பத்திரத்தைத் திருத்தினால் படி வைக்கலாம். ஒரே பக்கத்தில் முடிகிற உத்தரவு.

"எழுதிக் குடுக்கச் சொல்லு, பாத்துக்கலாம்" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

அப்போது டீக்கு மணி அடித்தது. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் நிற்பவளின் காக்கிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, வரிசையாகப் படியை நோக்கி நடந்தார்கள். தினமும் டீக்கு இப்படித்தான் போகவேண்டும் என்பது உன் சட்டம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது என்னடி, கண்ணாமூச்சியா?" என்றேன்.

"பொகை வந்தா கண்ணு எதுக்குடி ஒதவும்? காலுக்குத் தெரியணும்" என்றாய். என்னையும் விடவில்லை. கூடத்தின் மூலையிலிருந்து படி வரை இருபத்தேழு காலடி எண்ண வைத்தாய். வரிசையில் கடைசியாக நீ வந்தாய்.

விண்ணப்பம் வந்தது. நான்தான் கோப்பு தயாரித்து அதிகாரிக்கு அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே சொல்: "பேசுக." நேரில் வந்து விளக்கம் சொல்லு என்று அர்த்தம். அவர் கூப்பிட மாட்டார். நாம்தான் நேரம் பார்த்துப் போகவேண்டும். போகாவிட்டால் அந்தக் கோப்பு நம் மேஜையிலேயே குடியிருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள்.

வேறு யாருடைய கோப்பாக இருந்தாலும் அன்று மத்தியானமே போயிருப்பேன். இது உன்னுடையது. சிநேகிதிக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று ஒருவர் நினைத்துவிட்டால்? அத்தனை வருஷம் யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காதவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். கொஞ்ச நாள் போகட்டும் என்று கோப்பை அடியில் வைத்தேன்.

"இன்னாடி, என் படி எங்க நிக்கிது?" என்று குளக்கரையில் கேட்பாய்.

"ஃபைல் நகர்ந்துண்டே இருக்குடி" என்பேன்.

ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாய். எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறாய். நான் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். வெட்கக்கேடு.

நான்கு மாதம் போயிருந்தது. ஒரு பிற்பகல் உன் கூடத்தின் கீழே தீப்பிடித்தது. முன்படி முழுக்கப் புகை. பத்தொன்பது பெண்களும் கண்ணை மூடி, கோட்டைப் பிடித்து, எண்ணிக்கொண்டே இறங்கிவிட்டார்கள். நீ மேலே நின்று தலையை எண்ணி, கடைசிப் பெண்ணையும் அனுப்பிவிட்டு வந்தாய். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. புகை முழுவதும் நெஞ்சுக்குள் போயிருந்தது.

மறுநாள் கோப்போடு அதிகாரி அறைக்குப் போனேன். அவர் புரட்டிப் பார்த்தார். "அந்த நாலடிக்குக் கீழ வடிகால் ஏதாவது போகுதாம்மா?"

"இல்ல சார்."

"இதத்தான் கேக்கணும்னு எழுதினேன்" என்று கையெழுத்துப் போட்டார். ஆறிக்கொண்டிருந்த அவர் டீயில் ஆவி அடங்கவில்லை. அதற்குள் வேலை முடிந்திருந்தது.

அதன் பிறகு ஒன்றரை வருஷம், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கட்டிலில் இருந்தாய். ஒரு மத்தியானம் உன் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், கோப்பு என் மேஜையிலேயே கிடந்தது என்று. நீ மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினாய்.

"தெரியும்டி. பொய் சொன்னா நீ மூக்க சொறிவ. ஹையர்லயே பாத்துக்கினுதான் இருந்தேன்." குழாயைச் சரிசெய்துகொண்டு, "படி வச்சிட்டாங்களா? எத்தினி படி?"

"பதினாறு."

"பொண்ணுங்கள எண்ணச் சொல்லு." அவ்வளவுதான். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

உன் காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் கம்பெனிக்குப் போனேன். டீ மணி அடித்தது. வரிசையின் கடைசிப் பெண் திரும்பி, "அக்கா, பின்னாடி ஆளில்ல, நீங்க வாங்க" என்றாள். அவள் கோட்டைப் பிடித்துக் கண்ணை மூடினேன். புதுக் கதவு, பதினாறு படி, பிறகு காலுக்கடியில் அந்த நான்கடி மண். உன் இடத்தில் நான் நடந்து வந்திருக்கிறேன் என்று கீழே இறங்கிய பிறகுதான் உறைத்தது. அங்கேயே அழுதேன்.

இப்போது எங்கே போனாலும், துணிக்கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும், வாசலுக்கு எத்தனை அடி என்று எண்ணுகிறேன். நீ கொடுத்துவிட்டுப் போன பழக்கம். ஓய்வு பெற்ற நாளில் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, என் நாற்காலியிலிருந்து அதிகாரியின் அறை வரை எண்ணிப் பார்த்தேன்.

பதினோரு அடி. கண்ணை மூடிக்கொண்டே போயிருக்கலாம்.